ஒரு ராத்திரி ஊறட்டும்

திருவான்மியூர் வீட்டுக் கார் ஷெட்டில் பதினோரு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த அம்பாசிடரின் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன் என்றதும் பெரியப்பா சிரித்தார். வண்டி அவருடையது, 1986 மாடல். "இன்ஜினைப் பிரிக்கிறது பெரிய விஷயமில்லடா. நட்டைக் கழட்டுறதுதான் விஷயம்."

பிஸ்டன், ரிங்கு, பேரிங் என்று படித்து வைத்துக்கொண்டு இறங்கியவனுக்கு இது கிண்டலாகப் பட்டது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கழித்துக் கணக்குப் பார்த்தேன். பிஸ்டனுக்கு ஒரு ஞாயிறு போயிருந்தது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நாலு.

அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. வண்டியே மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். பிளாக்கும் வார்ப்பிரும்பு, அதன்மேல் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிப்பவை எஃகு ஸ்டட்டுகள். எல்லாமே துருப்பிடிக்கிற சாதி. வீட்டிலிருந்து கடல் அரை கிலோமீட்டர்.

முதல் சண்டை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில். அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் கருகி, செதில் செதிலாகத் துருவேறி, அறுகோணமா உருண்டையா என்றே தெரியாத நிலையில் இருந்தன. கையில் இருந்த 13 நம்பர் ஸ்பேனர் சரியாக உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. அழுத்தினேன். வழுக்கியது. விரல் முட்டி மேனிஃபோல்டில் மோதியது. நட்டின் மூலைகள் பளபளவென்று மழுங்கிவிட்டன.

அம்பாசிடர் அங்குல வண்டி என்பதை மறந்திருந்தேன். பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 1948-இல் மரை அளவுகளுக்குப் பொதுவான ஒரு தரத்தை ஒப்புக்கொண்டன. இந்த இன்ஜின் அந்த வம்சம். அந்த நட்டுக்கு உரியது அரை அங்குல ஸ்பேனர், அதாவது 12.7 மில்லிமீட்டர். என்னுடையது 13. வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த இடைவெளியில் ஸ்பேனர் சற்றே சாய்ந்து, நட்டின் பக்கங்களைப் பிடிக்காமல் மூலைகளை மட்டும் பிடிக்கிறது. முழு விசையும் கோடு போன்ற ஒரு விளிம்பில் இறங்கினால் இரும்பு அங்கே நசுங்காமல் என்ன செய்யும்? பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரும் கிட்டத்தட்ட இதே பாவத்தைத்தான் செய்யும். பழைய நட்டுக்கு ஆறு முனை சாக்கெட்தான் லாயக்கு.

அரை அங்குல சாக்கெட்டைக் கடன் வாங்கி அடுத்த நட்டுக்குப் போனேன். அசையவில்லை. ரேச்சட்டின் கைப்பிடியில் இரண்டடி இரும்புப் பைப்பைச் செருகினேன். பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான். பாதி உடம்பைச் சாய்த்து அழுத்தினேன். முதலில் கல் மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, இதமாக, ரப்பரைத் திருகுவது போல ஒரு நெகிழ்வு. ஆகா, வருகிறது என்று நினைத்தேன். பட்! சாக்கெட்டுக்குள் நட்டும், நட்டுக்குள் அரை ஸ்டட்டும் இருந்தன. மீதிப் பாதி இன்ஜினுக்குள் பத்திரமாக இருந்தது.

கணக்கு அப்புறம்தான் போட்டேன். முப்பது கிலோ எடை, 60 சென்டிமீட்டர் நீளம். அது 176 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. 5/16 அங்குல ஸ்டட்டை இறுக்க வழக்கமாகத் தேவைப்படுவதோ 25 அளவில். ஏழு மடங்கு கொடுத்திருக்கிறேன். துரு விடவில்லை, எஃகு விட்டுவிட்டது.

தெரு முனையில் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து பார்த்தார். உடைந்த துண்டைக் கையில் உருட்டினார். "தம்பி, நீங்க நட்டோட சண்டை போட்டிருக்கீங்க. நட்டு என்ன பண்ணிச்சு பாவம்? பிடிச்சிருக்கறது துரு."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்த அத்தியாயம் முழுக்க இயற்பியலாக விரிக்கப் போகிறேன்.

மரை என்பது என்ன? மலைப்பாதை. கொல்லிமலைச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக ஏற முடியாத உயரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறோம். போல்ட்டில் இருப்பதும் ஒரு தூணைச் சுற்றிய சரிவுப் பாதைதான். 3/8 அங்குல நுண்மரை போல்ட்டில் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் நடக்கிறோம், ஏறுவது சுமார் ஒரு மில்லிமீட்டர். சரிவு 2 டிகிரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. எண்ணெய் அதிகமில்லாத எஃகு எஃகின்மேல் தானாக வழுக்க 8 டிகிரிச் சரிவாவது வேண்டும். அதனால்தான் இறுக்கிய நட்டு தானாகக் கீழே ஓடிவருவதில்லை. உராய்வு அதைப் பாதையில் நிறுத்தி வைக்கிறது.

போல்ட் ஒரு வில்லும்கூட. நம்ப மாட்டீர்கள், இறுக்கும்போது போல்ட் நீள்கிறது. அந்த 3/8 அங்குல போல்ட்டை 55 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அதில் ஏறும் இழுவிசை சுமார் 28,000 நியூட்டன், கிட்டத்தட்ட 2.9 டன். ஒரே போல்ட்டில் இரண்டரை அம்பாசிடரைத் தொங்கவிட்ட மாதிரி. எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டு அதில் 0.2 மில்லிமீட்டர் நீளும், இரண்டு தாள் கனம். அந்த நீட்சி திரும்பிச் சுருங்கத் துடிப்பதால்தான் ஹெட் பிளாக்கோடு ஒட்டி நிற்கிறது. போல்ட்டை ஆணி என்று நினைப்பதைவிட, இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டு என்று நினைப்பது உண்மைக்கு நெருக்கம்.

ஸ்பேனரில் நாம் கொடுக்கும் திருப்புவிசையை நூறு பங்காக வைத்துக்கொண்டால், போல்ட்டை நீட்டப் போவது ஏறத்தாழ பத்துப் பங்குதான். சுமார் ஐம்பது பங்கை நட்டின் அடிப்பக்கமும் வாஷரும் உரசித் தின்றுவிடும். நாற்பதை மரைகள் தின்னும். இறுக்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்குக் கப்பம்.

கழட்டும்போது இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக வேண்டும். ஏறும்போது பத்தைப் பிடுங்கிய சரிவு, இறங்கும்போது அதைத் திருப்பித் தருகிறது. தொண்ணூறிலிருந்து பத்து போனால் எண்பது. இறுக்கியதைவிடக் குறைந்த விசையில் நட்டு கழல வேண்டும்! புது நட்டு அப்படித்தான் கழலும், செய்து பாருங்கள். பழைய நட்டு அப்படிக் கழலாவிட்டால், இடையில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அவர்தான் துரு. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு இடைவெளி உண்டு. கடற்காற்றின் உப்பு அங்கே போய் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. துருவுக்குக் கெட்ட குணம் ஒன்று உண்டு. தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் தூணுக்குள் கம்பி துருப்பிடித்தால் சிமென்ட் வெடித்து விழுகிறதே, அதே கதைதான். மரைக்குள் வெடித்து விழ இடமில்லை. அதனால் உள்ளேயே பொதிந்து இறுகுகிறது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சூடாகிக் குளிர்ந்து, செங்கல் சூளையில் வேகிற மாதிரி வேகிறது.

ஆனால் செங்கல்லைப் போலவே துருவும் நொறுங்கும். எஃகு வளையும், நீளும், முறுகும். துருவால் அது எதுவும் முடியாது, விரிசல் மட்டுமே விடும். நிதானமாக, நீளமான பைப் போட்டுக் கொடுக்கும் முறுக்கல் எஃகின் பலவீனத்தைத் தேடிப் போகிறது. துருவின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாய் மூன்று விஷயம் செய்தார். முதலில் கம்பி பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையைச் சுத்தம் செய்தார். இதை எல்லோரும் தவிர்த்துவிடுவார்கள். வெளியே துருவேறிய மரைமேல்தான் நட்டு ஊர்ந்து வரவேண்டும், அங்கே போய் மறுபடி சிக்கும். பிறகு மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஆயில் கலந்து ஒவ்வொரு நட்டின் தலையிலும் நாலு சொட்டு விட்டார். "ஒரு ராத்திரி ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இட்லி அரிசியா ஊற வைக்க என்று எனக்கு எரிச்சல். ஐந்து நிமிடம் ஊறினால் போதாதா?

போதாது. நுண்ணிய இடுக்கில் திரவம் தானாக ஏறுவது நுண்புழை விசையால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விசை. எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் ஒரு சூத்திரம் தந்தார். ஊடுருவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். அதாவது இரண்டு மடங்கு ஆழம் போக நாலு மடங்கு நேரம். ஒரு பேச்சுக்கு, துரு அடைத்த மரையில் முதல் மில்லிமீட்டரைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அந்த நட்டின் உயரம் ஏழு மில்லிமீட்டர். ஏழின் வர்க்கம் 49. பத்து நிமிடத்தை 49-ஆல் பெருக்கினால் எட்டு மணி நேரம் சொச்சம். சாயங்காலம் விட்டால் விடியற்காலை! பாய்க்கு வாஷ்பர்னைத் தெரியாது, நாற்பது வருஷ நட்டுகளைத் தெரியும்.

அதே சூத்திரம் சொல்லும் இன்னொன்று: திரவம் எவ்வளவு பிசுபிசுப்போ அவ்வளவு தாமதம். இன்ஜின் ஆயில் மண்ணெண்ணெயைவிட ஏறத்தாழ நூறு மடங்கு பிசுபிசுப்பு. கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது வீண். மண்ணெண்ணெய் முன்னால் போய் வழி செய்கிறது, கூடவே போகும் கொஞ்சம் ஆயில் உள்ளே தங்கி வழுக்குகிறது. கடையில் விற்கும் ஸ்ப்ரேக்களின் சூட்சுமமும் இதுதான். அவற்றில் பேர்போன டபிள்யூடி-40 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ராக்கெட்டுகளில் துரு வராமலிருக்க ஈரத்தை விரட்டும் திரவமாக உருவானது. பெயரே 'நீர் விரட்டி, நாற்பதாவது முயற்சி' என்பதன் சுருக்கம்.

மறுநாள் காலை பாய் ஸ்பேனரை எடுக்கவில்லை, சுத்தியலை எடுத்தார். நட்டின் ஒவ்வொரு பக்கத்திலும், எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான இரும்பை அண்டைகொடுத்து, 'டொக் டொக்' என்று அளவாகத் தட்டினார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. எவர்சில்வர் சம்புடத்தின் மூடி இறுகிக்கொண்டால் அவளும் முதலில் பலத்தைக் காட்டுவதில்லை. விளிம்பைச் சுற்றித் தரையில் தட்டுவாள், அதற்கும் மசியாவிட்டால் வெந்நீரில் காட்டுவாள். தட்டும் அடி ஆயிரத்தில் சில பங்கு நொடியில் முடிந்துவிடுகிறது. அந்தக் கண நேரத்தில் எஃகு லேசாக அதிர்ந்து திரும்புகிறது. நொறுங்கும் தன்மையுள்ள துருவோ விரிசல் விடுகிறது. விரிசல் வழியே எண்ணெய் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. டயர் கடையில் 'டர்ர்ர்' என்று கத்தும் இம்பாக்ட் ரிஞ்ச் செய்வதும் இதையேதான். அதற்குள் ஒரு கனமான துண்டு சுதந்திரமாகச் சுழன்று வேகம் பிடித்து, விநாடிக்குப் பலமுறை அடிக்கிறது.

அப்புறம் ஸ்பேனரைப் போட்டு, கழட்டும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். 'டக்'. மெல்லிய ஒரு முறிவுச் சத்தம். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தால் என்ன, உடைந்தது உடைந்ததுதான். இனி கழட்டும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே அரைக்கால், ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி வெளியே. முன்னும் பின்னும் ஊர்வதில் துருத்தூள் அரைபட்டு எண்ணெயோடு வெளியே வருகிறது. ஒரே மூச்சில் கழட்டப் பார்த்தால் அந்தத் தூளே ஆப்பு மாதிரி இறுகி, கழன்ற நட்டை நடுவழியில் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

அன்று நான் கற்றது சத்தங்களின் வித்தியாசம். 'டக்' என்றால் துரு போய்விட்டது. சத்தமே இல்லாமல் இதமாக நெகிழ்ந்தால் உடனே நிறுத்து, முறுகிக்கொண்டிருப்பது எஃகு.

மூன்று நட்டு அப்படி வந்தது. ஒன்று வரவில்லை. அதற்குத் தீ. பெட்ரோல் டாங்க் குழாயைக் கழட்டி அடைத்துவிட்டு, மண்ணெண்ணெய் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து நன்றாகக் காயவிட்டு, வாளியில் மணல் வைத்துக்கொண்டுதான் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தோம். இரும்பைச் சூடாக்கினால் விரியும், சரி. நட்டு விரிந்தால் அதன் நடுத்துளை சுருங்காதா என்று கல்லூரி மாணவர்களே கேட்பார்கள். மாட்டுவண்டிப் பட்டறையில் நின்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும்போது பட்டாவை வட்டமாக வறட்டி அடுக்கித் தீயில் போடுவார்கள். பழுக்கக் காய்ந்த வளையம் அகன்று, சக்கரத்தின்மேல் போய் உட்காரும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கிக் கவ்வும். வளையம் விரிந்தால் துளையும் சேர்ந்தே விரிகிறது, வளையத்தைப் பெரிதாக்கிப் போட்டோ எடுத்த மாதிரி.

அளவில்தான் வித்தியாசம். ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டமுள்ள பட்டா 450 டிகிரி ஏறினால் ஏழெட்டு மில்லிமீட்டர் அகலும், கண்ணுக்குத் தெரியும். எட்டு மில்லிமீட்டர் நட்டுத்துளை 300 டிகிரி ஏறினால் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியின் பாதிக் கனம். அது போதும், மரை இடைவெளியே அந்த அளவில்தானே இருக்கிறது! நட்டை மட்டும் சீக்கிரமாகச் சூடாக்க வேண்டும். மெதுவாகக் காய்ச்சினால் உள்ளே ஸ்டட்டும் சேர்ந்து விரிந்து, பலன் பூஜ்யம். டார்ச்சை அணைத்ததும் பாய் ஒரு மெழுகுவத்தியை நட்டின் தலையில் தொட்டார். உருகிய மெழுகை மரை உறிஞ்சிக்கொண்டது. சுடும் நட்டில் ஸ்ப்ரே அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல், ஸ்ப்ரே தீப்பிடிக்கும்.

நான் உடைத்த ஸ்டட்டுக்கு வெல்டிங் கடைக்காரர் வரவேண்டியிருந்தது. வெளியே மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்த முனையின்மேல் ஒரு புது நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டு செய்து இரண்டையும் ஒன்றாக்கினார். இங்கே சூடு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஸ்டட்தான் பழுக்கிறது, சுற்றியிருக்கும் வார்ப்பிரும்பு அவ்வளவாகச் சூடாகவில்லை. விரிய இடமில்லாத ஸ்டட் துருவை நசுக்குகிறது. ஆறியதும் சுருங்குகிறது, நசுங்கிய துரு திரும்பப் பழைய கனத்துக்கு வருவதில்லை. இடைவெளி பிறக்கிறது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஸ்பேனர் போட்டார், வந்துவிட்டது. உடைந்த ஸ்டட்டில் துளைபோட்டுத் திருகும் எக்ஸ்ட்ராக்டரை நான் வாங்கி வைத்திருந்தேன். "அதைத் தொடாதீங்க சார். உள்ள ஒடிஞ்சா டிரில்லே ஏறாது" என்றார். அது கடினமாக்கிய எஃகு, வளையாமல் ஒடியும். சொன்னது நியாயம்.

ஹெட்டைத் தூக்குவதற்கு முன்பே முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு: முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி. அதைக் கழட்ட ஸ்பேனரைத் திருப்பினால் இன்ஜினே சேர்ந்து சுற்றும். பாய் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரம் பார்த்து, பருத்திக் கயிற்றைத் துளை வழியாக உள்ளே ஊட்டினார், ஒரு முனையை வெளியே விட்டு. பிஸ்டன் மேலே வந்து கயிற்று மெத்தையில் முட்டி நின்றது. ஹெட் கழன்றபிறகு இந்த வித்தை பலிக்காது. சிலர் ஸ்பேனரைச் சேஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கழட்டுவார்கள். ஸ்பேனர் பறந்து வந்தால் முகம் போய்விடும். அதோடு பழைய ஹோண்டா இன்ஜின்கள் பலவும் எதிர்த்திசையில் சுற்றுபவை, அவற்றில் இதைச் செய்தால் இன்னும் இறுகும். திசை தெரியாமல் பலம் காட்டுவது வீட்டிலும் நடப்பதுதான். டேபிள் ஃபேனின் இறக்கையைப் பிடித்திருக்கும் திருகும், சைக்கிளின் இடது பெடலும் இடமரை.

திரும்பப் பூட்டும் நாளில் பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பித்தளை நட்டுகள். இந்த மேனிஃபோல்டுக்கு உரியவை இவைதானாம். எப்போதோ யாரோ தொலைத்துவிட்டு இரும்பு நட்டைப் போட்டிருக்கிறார்கள். பித்தளை இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. எஃகைவிட மென்மையானதும்கூட, எதையாவது இழக்கவேண்டி வந்தால் நட்டின் மரை போகுமே தவிர இன்ஜினில் இருக்கும் ஸ்டட் பிழைக்கும்.

மரையில் செம்புத்தூள் கிரீஸ் தடவினேன். டார்க் ரிஞ்சைக் கையேட்டில் போட்டிருந்த எண்ணிலேயே வைக்கப் போனபோது பாய் கையைப் பிடித்தார். "அது காய்ஞ்ச மரைக்குப் போட்ட நம்பர் தம்பி. கிரீஸ் போட்டா குறைக்கணும்." யோசித்தால் அந்த நூறு பங்குக் கணக்குதான். உராய்வு தொண்ணூறு தின்றால் போல்ட்டுக்குப் பத்து. கிரீஸ் தடவி உராய்வு எண்பதுக்கு இறங்கினாலே போல்ட்டுக்கு இருபது. ரிஞ்ச் காட்டுவது அதே எண், ஸ்டட்டை இழுப்பது இரட்டிப்பு விசை. எண்ணை இறக்கி வைத்தேன். நட்டுகளை விரலாலேயே கடைசி வரை ஓட்ட முடிந்தது. ரிஞ்ச் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'க்ளிக்' சொன்னது.

பெரியப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பைப்பு எங்கடா?" என்றார்.

மாடியில், கொடிக்கயிறு கட்ட.